தீர்த்த யாத்திரை

சென்ற இதழில் வந்த ஒரு கவிதையைப் பற்றி எழுத வேண்டியிருக்கிறது. கவிதையின் தலைப்பையோ எழுதியவர் பெயரையோ குறிப்பிடப் போவதில்லை. எழுதியவருக்குத் தெரியும், மற்றவர்களுக்கும் தெரியும். முந்நூறு பிரதி அச்சடித்து அதில் பாதியைக் கையோடு எடுத்துப்போய்க் கொடுக்கிற ஒரு பத்திரிகையில் ரகசியம் என்று எதுவும் கிடையாது.

கவிதையில் வற்றிய காவிரி வருகிறது. மணலில் ஒரு கிழவி ஊற்றுத் தோண்டுகிறாள். தொலைவில், ஏதோ ஒரு வடக்கத்தி மலைச்சரிவில், ஆறு பெண்கள் கண்ணாடிக் கோப்பைகளைத் தூக்கிப் பிடித்துச் சிரிக்கிறார்கள். முடிவில் தாய்ப்பால் திரிந்து திராட்சை ரசமாகிவிடுகிறது. படிமங்கள் கச்சிதமாக இருக்கின்றன என்று இரண்டு நண்பர்கள் எனக்குக் கடிதம் எழுதினார்கள். கச்சிதமாகத்தான் இருக்கின்றன. வாடகைப் பாத்திரங்களும் கச்சிதமாகத்தான் அடுக்கி வருகின்றன.

அந்த ஆறு பெண்களில் ஒருத்தி என் அண்ணன் மகள். மற்ற ஐவரும் அவளுடைய தோழிகள். வைகாசியில் அவளுக்குக் கல்யாணம். அதற்கு முன்னால், தை மாசத்தில், ஆறு பேரும் நாசிக் போய் அங்குள்ள திராட்சைத் தோட்டங்களையும் ஒயின் ஆலைகளையும் சுற்றிப் பார்த்து, ருசி பார்த்து, நாலு நாள் இருந்துவிட்டுத் திரும்புவதாகத் திட்டம். பேச்சலரெட் பார்ட்டி என்று இதற்குப் பெயர். கவிஞருக்கு இந்த விஷயம் எப்படித் தெரிந்தது என்றால், நான் சொன்னேன். தஞ்சாவூர் பழைய பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே டீ குடித்துக்கொண்டு, சிரித்துக்கொண்டே சொன்னேன். அவள் என்னிடம் மட்டும் சொல்லியிருந்த விஷயம் அது. ஆக, நான் இங்கே யாரைச் சாடினாலும் முதல் அடி எனக்கு விழவேண்டியது என்பதை ஒப்புக்கொண்டே தொடங்குகிறேன்.

கவிதையின் மேல் எனக்கு உள்ள முதல் புகார் அது பொய் சொல்கிறது என்பது. காவிரியை வற்றவைத்தது யார்? 1924ஆம் வருஷத்து ஒப்பந்தம், 1990இல் அமைத்த நடுவர் மன்றம், 2007இல் வந்த அதன் இறுதித் தீர்ப்பு, 2018இல் உச்ச நீதிமன்றம் தமிழ்நாட்டுக்கு 177.25 டி.எம்.சி. என்று நிர்ணயித்தது — இந்தக் கதை டெல்டாவில் ஏர் பிடிக்காதவனுக்கும் மனப்பாடம். மணலை அள்ளிப்போன லாரிகளின் கதை அதைவிட மனப்பாடம். இந்த இரண்டு கதைகளிலும் திராட்சை ரசம் வருகிறதா? கோப்பை பிடித்த பெண் வருகிறாளா? ஆற்றைச் சூறையாடியவர்கள் அத்தனை பேரும் வேட்டியோ பேண்ட்டோ கட்டியவர்கள். அவர்கள் பேரை எழுதினால் வீடு தேடி ஆள் வரும். ஆகவே ஆற்றைப் பெண்ணாக்கி, பெண்ணைத் தாயாக்கி, தாய்க்குத் துரோகம் செய்தவள் ஒரு மகள் என்று முடித்துவிட்டால் கவிதையும் ஆயிற்று, ஆபத்தும் இல்லை. சினிமாப் பாட்டு எழுதுகிறவன் இதைச் செய்தால் பக்கம் பக்கமாகக் கிழிக்கிற நாம், நம்மில் ஒருவர் செய்தால் படிமம் என்கிறோம்.

இரண்டாவது புகார், கவிஞர் அந்தப் பெண்களைப் பார்க்கவே இல்லை என்பது. அவர் பார்த்தது கோப்பையை மட்டும். நான் அவர்களுடைய திட்டத்தைப் படித்திருக்கிறேன். நாலு பக்கம். கையால் எழுதி, அடித்துத் திருத்தி, மறுபடி எழுதியது. 'சித்தப்பா, ஏதாவது விட்டுப்போயிருக்கா பாருங்க' என்று கொடுத்தாள். நம்மவர்கள் எழுதுகிற கவிதைகளைவிட அதிகத் தடவை திருத்தப்பட்ட பிரதி என்பது பார்த்தவுடன் தெரிந்தது. அதில் இருப்பதைச் சொல்கிறேன்.

முதல் பக்கத்தில் பயணம். தஞ்சாவூரிலிருந்து உழவன் எக்ஸ்பிரஸில் சென்னை. அங்கே இரண்டு பேர் சேர்ந்துகொள்வார்கள். பெங்களூர்க்காரியும் கோயம்புத்தூர்க்காரியும் தனித்தனியாக மும்பைக்கு வந்து சேர்கிறார்கள். பகலில் வந்து சேரவேண்டும், ராத்திரியில் யாரும் தனியாக இறங்கக் கூடாது என்று அடிக்கோடு. மும்பையிலிருந்து நாசிக் சுமார் 170 கிலோமீட்டர். கார், ஓட்டுநரோடு வாடகைக்கு. ருசி பார்க்கிற யாரும் வண்டியைத் தொடக்கூடாது.

இரண்டாவது பக்கத்தில் தோட்டங்கள். நாசிக்கில் திராட்சை அறுவடை ஜனவரியிலிருந்து மார்ச் வரை. அப்போது போனால்தான் பழம் நசுக்குவதைப் பார்க்கலாம். சனி ஞாயிறு மும்பைக் கூட்டம் வந்து நிற்கும், ஆகவே செவ்வாய் புதன். ஜனவரி 26 மது விற்பனை கிடையாது, அந்தத் தேதியைத் தவிர்க்கவும். மகாராஷ்டிரத்தில் ஒயினுக்கு 21 வயது ஆகியிருக்கவேண்டும், அடையாள அட்டை எல்லோரும் எடுத்து வரவும். ஒரு நாளைக்கு இரண்டு ஆலைகள்தான், மூன்று வேண்டாம். முதல் ஆலைக்கும் இரண்டாவதற்கும் நடுவே உட்கார்ந்து சாப்பாடு. வெறும் வயிற்றில் ருசி பார்க்கக் கூடாது. ஒவ்வொருத்தியிடமும் தண்ணீர் பாட்டில். ருசி பார்ப்பது என்றால் ஐந்தாறு வகை, ஒவ்வொன்றிலும் இரண்டு மடக்கு. பிடிக்காவிட்டால் துப்புவதற்குப் பாத்திரம் வைத்திருப்பார்கள், வெட்கப்பட வேண்டாம்.

மூன்றாவது பக்கத்தில்தான் எனக்குப் படிப்பது நின்றது. ஆறு பேரின் பெயர்கள், ஒவ்வொரு பெயருக்கும் எதிரே ஒரு குறிப்பு. ஒருத்தி குடிக்கமாட்டாள், அவளுக்குத் திராட்சைச் சாறு கிடைக்குமா என்று முன்கூட்டிக் கேட்டுவைக்கவும், கிண்டல் செய்யக்கூடாது. ஒருத்தி மாத்திரை சாப்பிடுகிறாள். எதற்கு என்று யாரும் கேட்க வேண்டாம். ஒருத்தி வீட்டில் ஷீரடிக்குப் போவதாகச் சொல்லியிருக்கிறாள். ஆகையால் எல்லோரும் சம்மதிக்கும் வரை ஒரு படம்கூட வெளியே போகக்கூடாது, கடைசி நாள் ஷீரடியும் போய்விடுவது. ஒருத்தியின் பெயருக்கு எதிரே, 'இவளிடம் பணம் கேட்க வேண்டாம், நாம் ஐந்து பேர் பிரித்துக்கொள்வோம், அவளுக்குத் தெரியாமல்' என்று இருந்தது.

நாலாவது பக்கத்தில் செலவுக் கணக்கும் அவசரத்துக்கான தொலைபேசி எண்களும். அந்த எண்களில் என்னுடையதும் ஒன்று. அண்ணனுடையது இல்லை.

மற்றவர்களின் பயத்தை, இல்லாமையை, மறைக்க வேண்டிய காரணத்தை இவ்வளவு நுணுக்கமாகக் கவனித்து எழுதப்பட்ட நாலு பக்கத்தை நம் பத்திரிகைகளில் நான் படித்து ரொம்ப நாளாயிற்று. இதை எழுதியவள் தன்னை எழுத்தாளர் என்று நினைத்துக்கொள்ளவில்லை. கவிஞர் நினைத்துக்கொள்கிறார்.

சரி, கலாசாரத்துக்கு வருவோம். கவிதையில் அந்த வார்த்தை இல்லை. ஆனால் கவிதை முழுக்க நிற்பது அதன் முதுகில்தான். ஆறு பெண்களும் நாசிக்குக்குப் பக்கத்திலுள்ள திரியம்பகேஸ்வரத்துக்குப் போகிறோம், கோதாவரி பிறக்கிற இடத்தில் முழுகிவிட்டு வருகிறோம் என்று சொல்லியிருந்தால் யாராவது கவிதை எழுதியிருப்பார்களா? அண்ணனே டிக்கெட் எடுத்துக் கொடுத்திருப்பார். குரு சிம்மராசியில் இருக்கும்போது அங்கே கும்பமேளா. அதே குரு அதே சிம்மத்தில் இருக்கும்போது இங்கே கும்பகோணத்தில் மகாமகம். 2015இல் அங்கே முழுகினார்கள், 2016 பிப்ரவரியில் இங்கே முழுகினார்கள். இரண்டு ஊருக்கும் அவ்வளவு நெருக்கமான உறவு. தமிழில் 'தீர்த்தம்' என்ற சொல்லுக்கு இரண்டாவதாக ஓர் அர்த்தம் உண்டு என்பது நம் வட்டத்தில் யாருக்கும் தெரியாததல்ல. 'சாயங்காலம் தீர்த்தம் உண்டா?' என்று இலக்கியக் கூட்டங்களில் கேட்டுக்கொள்வது ஆழ்வாரைப் பற்றியல்ல. ஆண்கள் அந்தச் சொல்லின் இரண்டு அர்த்தங்களையும் வைத்துக்கொள்ளலாம். பெண்களுக்கு முதல் அர்த்தம் போதும். இவ்வளவுதான் இங்கே கலாசாரம்.

தமிழ்ப் பண்பாடு என்று கொடி பிடிக்கிறவர்களுக்குப் பழைய இலக்கியத்தைக் காட்டி வாயை அடைக்கலாம். கரிகாலன் மேல் கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பட்டினப்பாலையில், காவிரி கடலோடு கலக்கும் இதே புகாரில், இரவில் பெண்கள் பட்டை நீக்கி மெல்லிய துகிலுக்கு மாறுகிறார்கள், கள்ளை விட்டு அதைவிட உயர்ந்த மதுவுக்கு மாறுகிறார்கள். அதியமான் செத்தபோது ஔவை அழுத அழுகையில், தன் அரசனைப் பற்றி முதலில் நினைவுக்கு வருவது இரண்டு பேரும் பங்கிட்டுக் குடித்த கள். யவனர் கொண்டுவந்த தேறலைப் பாண்டியன் நன்மாறன் பெண்கள் ஏந்திக் கொடுக்கக் குடிக்கவேண்டும் என்று நக்கீரர் வாழ்த்துகிறார். அந்தத் தேறல் வந்த ஜாடிகளின் ஓடுகளை 1945இல் அரிக்கமேட்டில் வீலர் தோண்டியெடுத்தார். ஒயின் இந்தக் கடற்கரைக்கு நேற்று வந்த சரக்கு அல்ல.

ஆனால் இந்த வாதத்தில் எனக்கு நம்பிக்கை கிடையாது. பாட்டன் சம்மதித்தான் என்பதற்காகப் பேத்தி ஒரு காரியத்தைச் செய்யலாம் என்றால், பாட்டன் சம்மதிக்காத ஆயிரம் காரியங்களைச் செய்யக்கூடாது என்றாகிறது. பட்டினப்பாலைப் பெண்கள் குடிப்பது தங்கள் துணைவர்களோடு. ஔவை குடிப்பது ஓர் அரசன் கொடுக்க. நக்கீரர் பாட்டிலோ பெண்கள் குடிக்கவேயில்லை, ஊற்றித் தருகிறார்கள். ஆறு பெண்கள், கொடுக்கிற ஆண் யாரும் பக்கத்தில் இல்லாமல், தங்கள் காசில், தங்களுக்குள் — இதற்கு சங்கத்திலிருந்து நான் சாட்சி தேடப் போவதில்லை. சாட்சி இல்லாமலே அது அவர்கள் பாடு.

பழைய பண்பாட்டை விட்டு நேற்றைய வரலாற்றுக்கு வந்தாலும் நிலைமை சிலாக்கியமாக இல்லை. 1937இல் ராஜாஜி சேலத்தில் மதுவிலக்கைத் தொடங்கினார். 1948க்குள் மாகாணம் முழுக்க. 1971இல் அது தளர்ந்தது; 1974க்குள் கடைகள் மறுபடி மூடின; 1981இல் திறந்தன; 1983இல் அரசாங்கமே மொத்த வியாபாரத்துக்காக டாஸ்மாக்கை ஆரம்பித்தது; 2003இல் சில்லறைக்கும் அதுவே. தென்னையும் பனையும் ஊருக்கு ஊர் நிற்கிற தமிழ்நாட்டில் கள் இறக்கினால் இன்றும் குற்றம். கரும்பாலைக் கழிவுப்பாகிலிருந்து வடித்த சாராயத்துக்குச் சாயமும் வாசனையும் ஏற்றி, பிராந்தி என்று பெயர் ஒட்டி, அரசாங்க முத்திரையோடு விற்றால் வருமானம். பிராந்தி என்பது திராட்சை ரசத்தைக் காய்ச்சி வடிப்பது. நாம் குடிக்கிற பெரும்பாலானவற்றில் திராட்சை பெயரளவுக்குத்தான். ஆனாலும் அந்தக் கடைக்கு நாம் வைத்த பெயர் ஒயின் ஷாப். ஒயினைத் தவிர மற்றதை வாங்கத்தான் அங்கே எல்லோரும் போகிறார்கள். பெயரளவுக்கு ஒயினை வைத்துக்கொண்டு வேறொன்றைக் குடிக்கிற ஒரு சமூகம், நிஜமான ஒயினைப் பார்க்கப் போகிற ஆறு பெண்களைப் பார்த்துப் பதறுவதில் ஒரு பொருத்தம் இருக்கத்தான் செய்கிறது.

இனி, கவிஞரைவிடக் கொஞ்சம் யோசிக்கிற நண்பர் ஒருவருடைய ஆட்சேபம். 'குடிப்பதில் எனக்கு ஒன்றுமில்லை, ஆனால் இது அப்பட்டமான இறக்குமதி. பேச்சலரெட் பார்ட்டி என்ற சொல்லுக்கே தமிழ் கிடையாதே' என்றார். வாஸ்தவம். அவர் தன் மகன் கல்யாணத்துக்கு ரிசப்ஷன் வைத்தார், கோட்டு சூட்டு தைத்தார், மேடைக்குப் பின்னால் தெர்மாகோலில் இருதயம் செய்து வைத்தார். அதெல்லாம் திருவையாற்றில் முளைத்தது என்று எண்ணிக்கொண்டிருக்கலாம். இறக்குமதி என்பது நமக்குப் பெண்கள் செய்யும்போது மட்டும் தெரிகிற ஒரு குணம்.

ஆனால் அவருடைய ஆட்சேபத்தில் ஒரு கேள்வி மறைந்திருக்கிறது. அதை அவருக்காக நானே கேட்கிறேன். பெண்கள் கூடிக் கிளம்பிப்போக நம்மிடம் சொந்தமாக எதுவும் இல்லையா? இருக்கிறது. ஆடிப் பதினெட்டு. மேட்டூர் ஜூன் 12இல் திறந்து, தண்ணீர் கல்லணை தாண்டி வந்து சேர்ந்திருந்தால், ஆற்றங்கரைப் படித்துறை அத்தனையும் பெண்கள் ராஜ்யம். சித்ரான்னம் கட்டிக்கொண்டு, காப்பரிசியும் காதோலை கருகமணியும் எடுத்துக்கொண்டு, நாலு வீட்டுப் பெண்கள் ஒன்றாகப் போவார்கள். என் அம்மா வருஷத்தில் வாய்விட்டுச் சிரித்த நாள் அதுவாகத்தான் இருந்திருக்கவேண்டும். எங்களை விரட்டிவிடுவார்கள், சப்பரம் இழுத்துக்கொண்டு நாங்கள் மேல்கரையில் நிற்போம், கீழே தண்ணீரோரத்திலிருந்து சிரிப்பு மட்டும் கேட்கும். எதற்குச் சிரித்தார்கள் என்று எங்களுக்குத் தெரியாது. அப்பாவுக்கும் தெரியாது. ஆனால் அந்தச் சிரிப்புக்கு அனுமதிச் சீட்டு என்ன? தாலிக்கு மஞ்சள் கயிறு மாற்றுவது. புருஷன் ஆயுசுக்காகவே அன்றைக்கு வீட்டை விட்டு வெளியே வந்திருக்கிறார்கள் என்பது ஏற்பாடு.

இதையே யோசித்துப் பாருங்கள்: வளைகாப்பு, பிள்ளைக்காக. மார்கழிப் பாவை, வரப்போகும் கணவனுக்காக. விளக்குபூஜை, குடும்பத்துக்காக. பெண்கள் நாலு பேர் ஒன்றாக உட்கார்ந்து சிரிக்க வேண்டுமென்றால் ஒரு ஆணின் பெயரிலோ, தெய்வத்தின் பெயரிலோ மனுப் போட்டாகவேண்டும். ஆண்களுக்கு அப்படி இல்லை. சிட்டியும் தி. ஜானகிராமனும் காவிரிக்கரையோரம் பயணம் போய் வந்து 'நடந்தாய் வாழி காவேரி' எழுதினார்கள். 1971இல் வெளியான அந்தப் புத்தகத்தை நான் பல தடவை படித்திருக்கிறேன், இனியும் படிப்பேன். அந்தப் பயணம் யாருடைய ஆயுசுக்காக என்று எவனும் கேட்டதில்லை. ஆற்றைப் பார்க்கப் போனார்கள், அவ்வளவுதான்.

அண்ணன் மகளிடமும் நான் இதைச் சொன்னேன். 'உன் திட்டத்தில் எனக்கு இருக்கிற ஒரே குறை இதுதான்; நீங்களும் கல்யாணத்தின் பெயரில்தான் லீவு வாங்குகிறீர்கள். கல்யாணம் இல்லாவிட்டால் ஆறு பேரும் நாசிக் போகமாட்டீர்களா? மஞ்சள் கயிற்றுக்குப் பதில் மணப்பெண் என்று அச்சடித்த பனியன், அதுதானே வித்தியாசம்?' அவள் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, 'அப்படிச் சொன்னாத்தான் ஆபீஸ்லயே லீவு தர்றாங்க, சித்தப்பா' என்றாள். அதற்கு மேல் கோட்பாடு எதுவும் என்னிடம் இல்லை.

இவ்வளவு சொன்ன பிறகும் இந்தத் திட்டத்தை ஆட்சேபிக்க உரிமையுள்ள ஒரு தரப்பு டெல்டாவில் உண்டு. கவிஞர் தன் கவிதையில் அதை ஒரு கிழவியாக்கி மணலில் உட்கார்த்திவைத்திருக்கிறார். அவளிடம் எதுவும் கேட்கவில்லை. நடவும் களையும் எடுத்துக் குடும்பத்தை நிமிர்த்திய பெண்கள் அவர்கள். கூலியில் பாதி கடைக்குப் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள். 2016 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் நெடுஞ்சாலையோரக் கடைகளை அகற்றச் சொன்னபோது, கடைகள் அவர்கள் தெருவைத் தேடி உள்ளே வந்தன. 2017இல் தமிழ்நாடு முழுக்கக் கடை வாசலில் உட்கார்ந்து மறித்தவர்கள் அவர்கள்தான். மதுவை எதிர்த்து இந்த நாட்டில் யாருக்காவது பேச வாய் உண்டு என்றால் அவர்களுக்குத்தான். அவர்களை முன்னால் வைத்துக்கொண்டு ஒயின் பயணத்தின் இன்பங்களைப் பற்றி எழுத எனக்கும் கூச்சமாகத்தான் இருந்தது.

அண்ணன் வயலில் முப்பது வருஷமாக வேலை பார்க்கிற ஒரு பெண்மணி இருக்கிறார். 2017இல் மறியலுக்குப் போனவர். இரண்டு வருஷம் கழித்துப் புருஷனைக் குடிக்குக் கொடுத்தவர். அண்ணன் மகளைத் தூக்கி வளர்த்தவர். அவரிடம் விஷயத்தைச் சொன்னேன். சொன்னதில் கொஞ்சம் குரூரம் இருந்தது என்பதை மறைக்கவில்லை. அவர் திட்டுவார், அந்தத் திட்டை நான் இங்கே எழுதலாம் என்று உள்ளூர ஒரு எதிர்பார்ப்பு. எழுதுகிறவனின் அயோக்கியத்தனம் அது. அவர் கையிலிருந்த அரிவாளைக் கீழே வைத்துவிட்டு, 'எத்தினி நாளு?' என்றார். நாலு நாள் என்றேன். 'வண்டி ஓட்டுறவன் நல்லவனா? விசாரிச்சிங்களா?' என்றார். அப்புறம் கொஞ்சம் யோசித்து, 'குடிச்சிட்டு வந்து அதுங்க யாரப் போட்டு அடிக்கப் போவுதுங்க?' என்று கேட்டுவிட்டு மறுபடி அரிவாளை எடுத்துக்கொண்டார்.

மது என்ற சொல்லை நாம் ஒரே பொருளாக வைத்துக் கவிதை எழுதிக்கொண்டிருக்கிறோம். அவருக்கு அது ஒரே பொருள் இல்லை. குடிக்கிறவன் திரும்பி வருகிற வீட்டில் யார் காத்திருக்கிறார்கள் என்பதை வைத்து அவர் அளக்கிறார். ஓட்டுநர் நல்லவனா என்ற கேள்வி அவள் எழுதிய திட்டத்தில் இருக்கிறது. வயலில் நிற்கிற இவரிடமும் இருக்கிறது. படித்தவளும் படிக்காதவரும் ஒரே இடத்தில் பயப்படுகிறார்கள். அந்த இடத்தில் நிற்பது ஒயின் அல்ல, ஆண்.

கடைசியாக நம்மைப் பற்றி. இதைச் சொல்லாமல் முடித்தால் மேலே எழுதியது அத்தனையும் பம்மாத்து.

நம் வட்டத்தில் குடி ஒரு கொடி. குடியைப் பற்றி ஒரு கவிதையாவது எழுதாதவன் புதுக்கவிஞன் இல்லை என்கிற அளவுக்கு அது ஒரு சடங்கு. கல்லணை மதகுப் பக்கம் உட்கார்ந்து விடிய விடியக் குடித்துப் பேசியதை நாம் எத்தனை முறை எழுதியிருக்கிறோம்! எந்த ராத்திரிக்காவது ஒரு வரி திட்டம் இருந்ததா? சாப்பாட்டுக்கு என்ன ஏற்பாடு, யார் தெளிவாக இருப்பது, யாரிடம் காசு கேட்கக் கூடாது — ஒரு தடவையாவது எவனாவது யோசித்தானா? யோசிக்காமல் இருப்பதுதான் சுதந்திரம், அதுதான் கலைஞனின் வாழ்க்கை என்று நினைத்தோம். நமக்கு வேண்டிய யோசனையை வேறு யாரோ வீட்டில் விழித்திருந்து யோசித்துக்கொண்டிருந்தார்கள். தட்டைப் போட்டு மூடிவைத்துவிட்டு, தெருக்கோடியில் சைக்கிள் சத்தம் கேட்கிறதா என்று பார்த்துக்கொண்டு.

நம்மில் ஒருவன் ஈரல் கெட்டுச் செத்தான். அவனுக்கு நினைவுமலர் போட்டோம். அவனுடைய கலகத்தைப் பற்றி நான் ஆறு பக்கம் எழுதினேன். மலர் வந்த பிறகு ஒரு பிரதியைக் கொண்டுபோய் அவன் மனைவியிடம் கொடுத்தேன். அவர் புரட்டிப் பார்த்துவிட்டு, 'என் பேர் இது இல்லை' என்றார். அவர் பெயரைத் தப்பாக அச்சடித்திருந்தோம். எத்தனை ராத்திரி அவர் கையால் தோசை சாப்பிட்டிருப்போம். ஒருத்தனுக்கும் பெயர் தெரியவில்லை. திருத்தம் போடுகிறேன் என்றேன். அடுத்த இதழ் வரவில்லை. வராத அந்த இதழின் திருத்தம் இன்னும் பாக்கி இருக்கிறது.

'அம்மா வந்தாள்' 1966இல் வந்தபோது கிளம்பிய எதிர்ப்பையும், அலங்காரத்தம்மாளுக்காக நம்மவர்கள் வரிந்துகட்டி வாதாடியதையும் ஒரு பெருமையாக இன்றும் சொல்லிக்கொள்கிறோம். நாவலுக்குள் ஒரு பெண் தன் இஷ்டப்படி இருந்துகொள்ளலாம். அவளுக்காக உயிரைக் கொடுப்போம். அண்ணன் மகள் உழவன் எக்ஸ்பிரஸில் ஏறினால் காவிரி வற்றிவிடும். நம்முடைய நவீனத்துவம் அட்டையிலிருந்து அட்டை வரைதான். அட்டைக்கு வெளியே நாம் நம் அப்பாக்கள்.

ஆகவே கவிஞருக்கு நான் சொல்வது இவ்வளவுதான். கவிதையைத் திரும்பப் பெற்றுக்கொள்ளச் சொல்லவில்லை, அச்சானது அச்சானதுதான். அந்தப் பெண்களைப் பற்றி எழுதவேண்டும் என்றால் கோப்பையை விட்டுவிட்டு மூன்றாவது பக்கத்தைப் பார்த்து எழுதுங்கள். ஒருத்தியிடம் காசில்லை என்று ஐந்து பேருக்குத் தெரிந்து, தெரியும் என்பது அவளுக்குத் தெரியாமல் இருக்க ஐந்து பேரும் பாடுபடுவதை எழுத முடியுமா பாருங்கள். முடிந்தால் அது கவிதை. என்னால் முடியவில்லை, அதனால்தான் கட்டுரை எழுதுகிறேன்.

பொங்கல் கழித்துக் கிளம்புகிறார்கள். என் வேலை தொலைபேசியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டிருப்பது. தெளிவாக இருப்பது, அந்த நாலு நாளும் நான் தொடுவதாக இல்லை. அண்ணனுக்கு இன்னும் தெரியாது. இப்படிப் பகிரங்கமாக எழுதுகிறாயே, அவர் படித்துவிட்டால் என்ன செய்வாய் என்று பத்திரிகை ஆசிரியர் கேட்டார். அண்ணன் வீட்டுக்கு இந்தப் பத்திரிகை முதல் இதழிலிருந்து இலவசமாகப் போய்க்கொண்டிருக்கிறது. இதுவரை ஒரு இதழின் தபால் உறையும் பிரிக்கப்பட்டதில்லை. கூடத்து அலமாரியில் அடுக்கியிருக்கிறது. போன வாரம் போனபோதும் பார்த்தேன், அப்படியே இருந்தது. மேலே அண்ணன் மகள் தன் நாலு பக்கத்தை மடித்து ஒளித்துவைத்திருந்தாள்.